நெபுலைசர் கப்பில் மிதக்கும் வெள்ளைத் துகள்

“அண்ணே, பிள்ளைக்கு நெபுலைசர் வைக்க உப்புத் தண்ணி காய்ச்சி வச்சோம். வெள்ளையா என்னமோ மிதக்குது. துணியில வடிகட்டிட்டு ஊத்தலாமா?”

மதுரையில் மருந்துக்கடை கவுண்டரில் நிற்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வியைச் சொல்வார்கள். 2021 கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு வீட்டுக்கு வீடு நெபுலைசர், அதாவது திரவ மருந்தை மூடுபனியாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் மெஷின், வந்துவிட்டது. கூடவே அதில் ஊற்றக் கைமருந்தும் வந்துவிட்டது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊற்றக் கூடாது. வடிகட்டியும் ஊற்றக் கூடாது. ஒன்றுமே மிதக்காமல் பளிங்கு மாதிரி இருந்தாலும், வீட்டில் கலந்ததை ஊற்றக் கூடாது.

அந்த வெள்ளை என்ன என்பதில் மர்மம் ஏதுமில்லை. நம் ஊர் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கொதிக்கும்போது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து செதில் செதிலாக மிதக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுரண்டச் சுரண்ட வருவதும் இதுதான். கலங்கல் மட்டும் தெரிந்தால் உப்பைச் சந்தேகப்படுங்கள். தூள் உப்பு கட்டி தட்டாமலிருக்க ஏதாவது சேர்ப்பார்கள்; சிலிக்கா சேர்த்த பாக்கெட் என்றால் அது தண்ணீரில் கரையாது. “அப்ப கல்லு உப்பு போட்டுக்கிறோம்” என்பார்கள். கல் உப்பில் மணலும் ஜிப்சமும் ஒட்டிக்கொண்டு வரும். கழுவிப் போட்டாலும் முழுக்கப் போகாது. நூல் நூலாகத் தெரிந்தால் கப்பைத் துடைத்த துண்டின் பஞ்சு. சாம்பல் நிறப் பொடி என்றால் மெஷினின் காற்று ஃபில்டரைத் திறந்து பாருங்கள், கறுத்துப் போயிருக்கும், மாற்றுங்கள். வழவழப்பாக, தொட்டால் கொழகொழவென்று ஒரு படலம் இருந்தால் அது கிருமிகள் கட்டிய குடியிருப்பு. கழுவி மீட்கப் பார்க்க வேண்டாம், கப்பையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

இப்போது வடிகட்டும் கதைக்கு வருவோம், ஏனென்றால் எவ்வளவு சொன்னாலும் தீராத கதை இதுதான். நெபுலைசர் நல்லபடியாக வேலை செய்யும்போது அதிலிருந்து வரும் துளியின் அளவு 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்த அளவில் இருந்தால்தான் நுரையீரலின் அடிவரை போகும். வேட்டித் துணியை நான்காக மடித்தாலும் அதன் இழைகளுக்கு இடையிலிருக்கும் சந்து இதைவிடப் பல மடங்கு பெரியது. காபி ஃபில்டரும் அப்படித்தான். ஆக, துணியில் தங்குவது பெரிய துகள். அது துளியோடு கிளம்பி நெஞ்சுக்குள் போகும் அளவே இல்லை. நாசிலில், அதாவது கப்புக்குள் மருந்து பீறிடும் சின்ன ஓட்டையில், போய் அடைக்கும், அவ்வளவுதான். துணியைத் தாண்டிப் போவது எது? கரைந்த கால்சியம், மெக்னீசியம், ஒன்றிரண்டு மைக்ரான் பாக்டீரியா. நெஞ்சுக்குள் போகக்கூடியதும் அதேதான். தடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, வேண்டாததைப் பிடித்து வைத்துக்கொண்டு “தெளிவாயிருச்சு” என்கிறோம். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதற்கும் கிருமி இல்லாமல் இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது.

கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் என்று அடுத்த வாதம் வரும். அதெல்லாம் குடிக்கிற தண்ணீர். வயிற்றில் அமிலம் இருக்கிறது, நாலு கிருமி போனாலும் பார்த்துக்கொள்ளும். நுரையீரலில் அந்தக் காவல் இல்லை. காய்ச்சினால் கிருமி சாகும், சரி. ஆறவைத்து, டம்ளரில் மாற்றி, மூடாமல் ராத்திரி முழுக்க வைத்தால் மறுபடி வராதா? சூடோமோனாஸ் என்றொரு பாக்டீரியா இருக்கிறது, ஈரம் மட்டும் கிடைத்தால் போதும் அதற்கு.

உப்பின் அளவு இன்னொரு தலைவலி. சலைன் என்பது மருத்துவ உப்புத் தண்ணீர்; வழக்கமான சலைன் என்றால் 0.9 சதவீதம், 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு. வீட்டில் தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு எடுத்தால் அதுவே கிட்டத்தட்ட 6 கிராம். அதை 200 மில்லி டம்ளரில் கலந்தால் 3 சதவீதம், மூன்று மடங்குக்கும் மேல். 3 சதவீத சலைன் மருத்துவத்தில் இருக்கிறது. கெட்டிச் சளி இளக, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகு, பக்கத்தில் ஆள் வைத்துக் கொடுப்பது. ஆஸ்துமா பிள்ளைக்கு அதைத் தனியாக வைத்தால் இழுப்பு கூடும். உப்பே போடாமல் பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றுகிறவர்களும் உண்டு. உப்பில்லாத தண்ணீர் மூடுபனியும் மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமா இருக்கிறதா என்று சோதிக்க, அதையே வேண்டுமென்று கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு!

கற்பூரம், தைல மரத்து எண்ணெய், ஓமத் தண்ணீர், துளசிச் சாறு, ஆவி பிடிக்கிற கேப்சூலை வெட்டி ஊற்றுவது: இவற்றுக்கு விளக்கமே வேண்டியதில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கற்பூரம் தண்ணீரில் கரையாது, மினுக்கிக்கொண்டு மேலே மிதக்கும். சின்னக் குழந்தை உடம்பில் ஏறினால் வலிப்பு வரும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வெளியே வர வழி இல்லை, அங்கேயே தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். 2019-20இல் அமெரிக்காவில் வேப் (இ-சிகரெட்) இழுத்தவர்களுக்கு நடந்தது நினைவிருக்கலாம். 2,807 பேர் பாதிக்கப்பட்டு அவர்களில் 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணமாக மாட்டியது திரவத்தில் கலந்த விட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய். மாத்திரையாக விழுங்கலாம், முகத்தில் பூசலாம், மூச்சில் மட்டும் இழுக்கக் கூடாது. (வேப் திரவத்தை ரூமிலேயே கலக்கும் கல்லூரித் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். துகள் மிதந்தால் வடிகட்டுவது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். 2019 சட்டப்படி இந்தியாவில் அதைத் தயாரிப்பதே குற்றம்.)

ஒரே ஒரு வெள்ளைக்கு மட்டும் பயப்பட வேண்டாம். பியூடசோனைடு என்பது மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் மருந்து. அதன் ரெஸ்ப்யூல், அதாவது ஒரு தடவைக்கான குட்டி பிளாஸ்டிக் குப்பி, இயல்பிலேயே பால் மாதிரிக் கலங்கல்தான். வைத்திருந்தால் அடியில் படியும். உடைக்கும் முன் சுழற்றிக் குலுக்குங்கள், ஒன்றாகிவிடும். குலுக்கியும் கட்டி கரையவில்லை என்றால் வேண்டாம். இதைத் ‘தூசி மருந்து’ என்று திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்டவர்கள் உண்டு. அதிர்வால் மூடுபனியாக்கும் அல்ட்ராசானிக் மெஷினில் இந்த மருந்து சரியாக வராது; காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் மெஷின்தான் வேண்டும். ஸ்டீராய்டு என்பதால் வைத்து முடித்ததும் வாய் கொப்பளித்து முகத்தையும் துடைத்துவிட வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் லெவோசால்பியூட்டமால் அப்படியல்ல. அது தண்ணீர் போலத் தெளிவாக, நிறமில்லாமல் இருக்க வேண்டும். மஞ்சளித்தால் குப்பைத் தொட்டி.

அப்புறம், பாதிப் பேருக்கு சலைனே தேவைப்படாது. 2.5 மில்லி லெவோசால்பியூட்டமாலும் 2 மில்லி பியூடசோனைடும் சேர்ந்தாலே 4.5 மில்லி, கப்புக்குப் போதும். சொட்டுக் கணக்கில் ஊற்றும் 15 மில்லி பாட்டில் மருந்துக்குத்தான் 3, 4 மில்லி ஆகும்வரை சலைன் சேர்க்க வேண்டும். அதற்கு 3 மில்லி சலைன் ரெஸ்ப்யூல் தனியாகவே கிடைக்கிறது, சில ரூபாய்தான். குளுக்கோஸ் ஏற்றும் சலைன் பாட்டிலில் ஊசி குத்தி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் வைப்பதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். குத்திய பாட்டிலின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

கழுவுவது: வைத்து முடித்தவுடன் மிச்சத்தைக் கொட்டுங்கள். மறுநாளைக்கு என்று வைக்காதீர்கள். கப், மவுத்பீஸ், மாஸ்க் மூன்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசி, உதறி, காற்றில் காயவிடுங்கள். துண்டால் துடைக்க வேண்டாம். தினம் ஒருமுறை, கப் சூடு தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தால், 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். மாஸ்க்கைக் கொதிக்க வைத்தால் கோணிவிடும். ட்யூபுக்குள் தண்ணீர் விடக் கூடாது; ஈரம் தெரிந்தால் கப்பைக் கழற்றிவிட்டு மெஷினைச் சில நிமிடம் ஓடவிடுங்கள்.

வழக்கமாக 10 நிமிடத்தில் முடிவது 20 நிமிடம் இழுத்தால் நாசிலில் உப்பு படிந்திருக்கிறது. குண்டூசி விட்டுக் குத்தாதீர்கள். ஓட்டை பெரிதானால் துளி பெரிதாகும்; புகை தாராளமாக வருவது போலத் தெரியும், மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். புதுக் கப் வாங்குவதுதான் வழி.

ஏற்கெனவே வீட்டுக் கலவையை வைத்துவிட்டு, அதன் பிறகு காய்ச்சல், விடாத இருமல், நெஞ்சுவலி என்று வந்தால் டாக்டரிடம் அதை மறைக்காதீர்கள். எண்ணெய் போட்டீர்களா, என்ன எண்ணெய், எத்தனை நாள் என்று சொன்னால்தான் ஸ்கேனில் தெரிவதற்கு அர்த்தம் பிடிபடும். திட்டுவார்கள்தான்; திட்டட்டும். பிள்ளைக்கு விலா உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் திணறினால், இன்னொரு தடவை வைத்துப் பார்ப்போம் என்று உட்காராமல் 108க்கு அடியுங்கள். போகும்போது மருந்து அட்டையையும் அந்தக் கப்பையும் கழுவாமல் கையோடு எடுத்துப் போங்கள்.