"ஸ்கிரீன்ல இருந்ததைக் காணமுங்க"

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எனக்கு வரும் போன்களில் பாதி பனியன் கம்பெனி ஆபீஸ்களில் இருந்துதான் வரும். திருப்பூரில் அன்றைக்குத்தான் வாரச் சம்பளம். "ஏனுங்கண்ணா, ஸ்கிரீன்ல இருந்ததைக் காணமுங்க." எதைக் காணோம் என்று கேட்டால், "அதுதானுங்க, அந்த இது" என்பார்கள். அந்த 'இது' எது என்று கண்டுபிடிப்பதிலேயே என் சர்வீஸ் வேலையில் பாதி போய்விடுகிறது.

காணாமல் போனது டாஸ்க்பார் (திரையின் அடியில் ஐகான்கள் நிற்கும் பட்டை) என்றால், மவுஸைத் திரையின் அடிப்பக்கம் கொண்டு போனாலே எட்டிப் பார்க்கும். யாரோ தெரியாமல் அதை ஒளியும்படி வைத்திருப்பார்கள். எக்செல் விண்டோவை மினிமைஸ் செய்து, அதாவது மூடாமல் கீழே இறக்கி வைத்திருந்தால் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டேபைத் தட்டினால் வந்துவிடும். பெயர் மட்டும் தெரிந்திருந்தால் இரண்டும் போனிலேயே முடிகிற வேலை. தெரியாததால் பல்லடம் ரோட்டில் வண்டியை விரட்டிக்கொண்டு போய், ஒரு க்ளிக் செய்துவிட்டு, காசு வாங்கக் கூச்சப்பட்டுத் திரும்பியிருக்கிறேன். இன்னொருவர் "தெனமும் ஆஃப் பண்ணிட்டுத்தான் போறனுங்க" என்று சத்தியம் செய்தார். அவர் அணைத்துக்கொண்டிருந்தது மானிட்டரை. கீழே பெட்டி மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியை எல்லோரும் சிபியு என்கிறார்கள். சிபியு என்பது உள்ளே இருக்கும் சின்னச் சில்லுதான் என்றாலும் அதற்கு நான் சண்டை போடுவதில்லை, நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

எல்லாமே இப்படிச் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். கணக்கு பார்க்கும் தம்பி பழையதின் டெஸ்க்டாப்பில் இருந்த ஐகான்களை எல்லாம் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டான். புதியதில் எதைத் திறந்தாலும் திறக்கவில்லை. பென் டிரைவைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோபைட்தான், ஐகானின் இடது கீழ் மூலையில் குட்டி அம்பு. எல்லாமே ஷார்ட்கட். ஷார்ட்கட் என்பது வீட்டுக்கு வழி காட்டும் பலகை. பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தால் வீடு கூடவே வராது. நல்லவேளை, கடைக்காரர் பழைய மெஷினை இன்னும் ஃபார்மேட் போட்டு அழிக்காமல் வைத்திருந்தார். அம்பு இல்லாத ஐகானை டெலீட் செய்தால் ஃபைலே போகும், அம்பு இருந்தால் பலகை மட்டும் போகும். பென் டிரைவில் டெலீட் செய்வது பெரும்பாலும் ரீசைக்கிள் பின் என்கிற குப்பைத்தொட்டிக்கு வராது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

சம்பளத்துக்கு வருவோம். ஒரு தையல் யூனிட்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா, பேங்குக்கு அனுப்பும் எக்செல் ஷீட்டில் ஆட்களின் கணக்கு எண்களை அடித்திருந்தார். ஆறு பேருடைய வரி (ஷீட்டில் அவர்களுக்கான ரோ) மட்டும் பேங்கில் இருந்து திரும்பி வந்துவிட்டது. "நான் பாஸ்புக்கைப் பார்த்துத்தானுங்க அடிச்சேன்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அந்த ஆறு பேருக்கும் கணக்கு எண் 16 இலக்கம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும், 16-வதைப் பூஜ்யமாக்கிவிடும். 1234567890123456 என்று அடித்தால் உள்ளே நிற்பது 1234567890123450. அதுவும் கட்டத்தில் 1.23457E+15 என்று சுருக்கித் தெரிவதால் கடைசி இலக்கம் போனதே கண்ணில் படாது. பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண் என்றால் அந்த முன் பூஜ்யத்தையும் தின்றுவிடும்.

இங்கேதான் இரண்டு பெயர்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டத்துக்குப் பெயர் செல். அது காட்டுவது அலங்காரம். ஷீட்டுக்கு மேலே நீளமாக இருக்கும் வெள்ளைப் பட்டைக்குப் பெயர் ஃபார்முலா பார். உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். கணக்கு எண் அடிக்கும் முன்பே அந்தக் காலத்தை (column, மேலிருந்து கீழாக இறங்கும் கட்ட வரிசை) தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் செல்ஸ் போய் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது, மறுபடி அடிக்கத்தான் வேண்டும். பேங்குக்குப் பேங்க் பணம் அனுப்பும் நெஃப்டில் (NEFT) பணம் போவது கணக்கு எண்ணை வைத்துத்தான். பூஜ்யத்தில் முடிந்த அந்த எண் வேறு யாருடையதாவது இருந்திருந்தால், வரி திரும்பி வந்திருக்காது, பணம்தான் போயிருக்கும்.

எக்ஸ்போர்ட் ஆபீஸ்களுக்கு இன்னொன்று. சரக்கு வாங்கும் பையரிடம் (buyer) இருந்து ஆர்டர் வந்தது போல ஒரு மெயில் வரும், இணைப்பின் பெயர் பிடிஎஃப் என்று முடியும். ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடுகிறது. அதனால் 'டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ' என்று இருப்பதில் கடைசித் துண்டு தெரியாது. திறந்தால் ஓடுவது புரோகிராம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்து வையுங்கள். எக்செலைத் திறந்ததும் மஞ்சள் பட்டையில் 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால், அமுக்கினால் இங்கேயும் உள்ளே இருக்கும் புரோகிராம் ஓடலாம்; அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேட்காமல் அமுக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் தமிழ்ப் பெயர் சொல்லக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். ஃபைலுக்குக் கோப்பு, ஃபோல்டருக்குக் கோப்புறை எனக்குப் பிடித்த சொற்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றைத்தான் சொல்லித் தருகிறேன். ஆனால் ஆபீஸில் மெனு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும்போது போனில் டாஸ்க்பாரைப் 'பணிப்பட்டை' என்றால் எதிர்முனை அமைதியாகிவிடுகிறது. எந்தப் பெயராக இருந்தாலும் சரி, இரண்டு பக்கமும் ஒரே பெயரைச் சொன்னால் போதும்.

அந்த அக்கா போன வாரம் கூப்பிட்டார். "அண்ணா, புதுசா ரெண்டு பேரு சேர்ந்திருக்காங்க. ஒருத்தருக்கு ஃபார்முலா பார்ல கடைசி நம்பர் ஜீரோவா நிக்குதுங்க. காலத்தை டெக்ஸ்ட் ஆக்காம அடிச்சுட்டேன் போலிருக்குது."

"ஆமாங்க, மறுபடி அடிச்சுருங்க" என்றேன். வண்டிச் சாவியை எடுக்கவே இல்லை.