புரோலாக்டின் கூடினால் மார்பகப் புற்றுநோயா?

பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினின் ரிப்போர்ட்டில் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் போதும், புதுச்சேரியில் என் ஓ.பி.க்கு வந்து சேர்வதற்குள் வீட்டிலேயே அழுது முடித்துவிடுகிறார்கள். சமீபத்தில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பிள்ளை பால் மறந்து வருஷங்கள் ஆகியும் இரண்டு மார்பிலும் பால் கசிகிறது, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறது. "மூளையில கட்டி இருக்கும்னு சொல்றாங்க டாக்டரம்மா, அது மார்புக்கு எறங்கிடுச்சா?" என்று கேட்டார்.

இறங்காது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வருகிற கட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே புற்றுநோய் அல்லாதவை. ஹார்மோன் சுரக்கும் கட்டிகளில் புரோலாக்டின் வகைதான் அதிகம். அது பாலை வரவைக்கும், மாதவிலக்கை நிறுத்தும், கரு தங்குவதைத் தடுக்கும், பெரிதானால் கண் நரம்பை அழுத்திப் பக்கவாட்டுப் பார்வையைக் குறைக்கும். பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரைக்கே சுருங்கிவிடும், ஆபரேஷன் தேவைப்படுவது சிலருக்குத்தான்.

சந்தேகம் சும்மா வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புரோலாக்டின் மார்பகச் செல்களைப் பெருகத் தூண்டும். அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், நார்மல் வரம்புக்குள்ளேயே அது சற்று மேலாக இருந்தவர்களுக்கு, குறிப்பாக மாதவிலக்கு நின்றவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அப்படியென்றால் புரோலாக்டின் எக்கச்சக்கமாக ஏறுகிறவர்களுக்கு இன்னும் அதிகமாக வரவேண்டுமே? டென்மார்க்கிலும் சுவீடனிலும் அப்படிப்பட்ட நோயாளிகளைத் தேடிப் பார்த்தார்கள், கூடவில்லை. மார்பகச் செல்களைத் தூண்டும் இன்னொரு ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இவர்களுக்குக் குறைந்துவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

சரி, பண்ருட்டிப் பெண்ணின் பையைத் திறக்கச் சொன்னேன். கேஸ் தொல்லைக்கென்று மெடிக்கலில் மாதக்கணக்காக வாங்கி விழுங்கிய மாத்திரை, அதில் லெவோசல்பிரைடு! இதுவும், வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோனும் புரோலாக்டினை நன்றாகவே ஏற்றிவிடும். மனநல மாத்திரைகள் சிலவும் அப்படித்தான், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். தைராய்டு குறைவும், கர்ப்பமும்கூட இந்த எண்ணைக் கூட்டும். இதையெல்லாம் பார்க்காமல் நேராக எம்.ஆர்.ஐ.க்கு ஓடுவது வீண் செலவு.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. ஒரே மார்பில், ஒரே துளையிலிருந்து, ரத்தமாகவோ தண்ணீர் மாதிரியோ தானாகக் கசிந்தால் புரோலாக்டினை விட்டுவிட்டு முதலில் மார்பகத்தைப் பரிசோதிக்க வேண்டும். மேமோகிராமும் ஸ்கேனும் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. மார்பகப் புற்றுநோய்தான் சில சமயம் பிட்யூட்டரிக்குப் பரவும், அதுவும் சிகிச்சை முடிந்து வருஷங்கள் கழித்து. திடீரென்று அடங்காத தாகம், ராத்திரி முழுக்கச் சிறுநீர், தலைவலி, பார்வை மங்கல் என்று வந்தால் சுகர் பார்ப்பார்கள், நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள். மார்பில் முன்பு ஆபரேஷன் ஆனதை அந்த இடத்தில் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்போது எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும்.