உரிமமா, சான்றா? நடத்தைப் பகுப்பாய்வாளர் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

டெக்சஸிலோ நியூயார்க்கிலோ ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் சிகிச்சைத் திட்டம் போட்டுத் தருபவரின் விசிட்டிங் கார்டைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘பிசிபிஏ, எல்பிஏ’ என்று இரண்டு சுருக்கங்கள் இருக்கும்: ‘போர்டு சர்டிஃபைட் பிஹேவியர் அனலிஸ்ட்’, ‘லைசென்ஸ்டு பிஹேவியர் அனலிஸ்ட்’. ஆள் ஒருவர்தான், கொடுத்த கைகள் இரண்டு. முதலாவது, ஒரு தனியார் அமைப்பு தேர்வு வைத்துத் தருவது. இரண்டாவது, மாநில அரசு தருவது. தமிழில் எழுதும்போது இரண்டையும் ‘சான்றிதழ்’ என்றே போட்டுவிடுகிறோம். முதலாவதற்கு அது சரி. இரண்டாவதற்கு உரிய சொல் உரிமம்.

‘லைசென்ஸ்’ என்பது ‘அனுமதி உண்டு’ என்ற பொருள்கொண்ட லத்தீன் வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். இலங்கைத் தமிழில் ‘சாரதி அனுமதிப்பத்திரம்’ என்கிறார்கள். லத்தீன் பொருளுக்கு அதுதான் நெருக்கம். தமிழ்நாட்டில் ‘ஓட்டுநர் உரிமம்’. உரிமை, உரியவர் எல்லாம் பிறந்த அதே ‘உரி’யிலிருந்து வந்தது இது.

தொழில் என்று வரும்போது எனக்கு உரிமமே பொருத்தமாகப் படுகிறது. காரணம் 1889இல் வந்த ஒரு தீர்ப்பு. மேற்கு வர்ஜீனியாவில் மருத்துவம் பார்த்துவந்த டென்ட் என்பவரின் வழக்கில், மக்கள் நலனுக்காக ஒரு தொழிலுக்குத் தகுதி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். கூடவே, தொழிலைத் தொடர்ந்து செய்யும் உரிமை மதிப்புள்ளது, அதை நினைத்தபடி பறிக்க முடியாது என்றும் சொன்னது. வெறும் அனுமதிக்கு இவ்வளவு கனம் கிடையாது.

அடுத்து ‘பிஹேவியர் அனலிஸ்ட்’. நட, நடத்தை, பகுத்து ஆய்வது பகுப்பாய்வு. ஆக, நடத்தைப் பகுப்பாய்வாளர். ஒரு சங்கடம் உண்டு. நம் ஊரில் ‘நடத்தை’ என்றதும் ஒழுக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். பள்ளியை விட்டுப் போகும்போது நடத்தைச் சான்றிதழ் வாங்கிய தலைமுறை அல்லவா! இந்தத் துறையில் நல்லது கெட்டது என்ற பேச்சே இல்லை. குழந்தை தட்டைத் தள்ளிவிடுகிறது என்றால், அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று குறித்துவைத்துப் பார்ப்பார்கள். தள்ளியதும் சாப்பாடு நிறுத்தப்பட்டால், ‘எனக்கு வேண்டாம்’ என்பதைக் குழந்தை அப்படித்தான் சொல்கிறது என்று கணிப்பார்கள். அப்புறம் கையசைத்தோ படத்தைக் காட்டியோ ‘வேண்டாம்’ சொல்லக் கற்றுக்கொடுப்பார்கள். உளவியல் நூல்களில் ‘நடத்தை’ ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால் அதை மாற்ற வேண்டியதில்லை.

இந்தத் தொழிலுக்கு ஏன் கடிவாளம் வேண்டியிருந்தது? 1970களின் தொடக்கத்தில், ஃபுளோரிடாவின் மயாமியில் அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளோருக்கான சன்லேண்ட் என்ற அரசு விடுதியில், ‘நடத்தை மாற்றம்’ என்ற பெயரில் அடித்தல், கட்டிவைத்தல், சோப்புநீரால் வாயைக் கழுவுதல் எல்லாம் நடந்தது வெளியே வந்தது. கொஞ்சம் பயிற்சி, நிறைய அதிகாரம், மேற்பார்வைக்கு ஆளில்லை. அதன் பிறகு ஃபுளோரிடா விதிகள் வகுத்து, 1980களில் தேர்வும் வைத்தது. அந்த வழியில் 1998இல் உருவானதுதான் இன்று பிசிபிஏ வழங்கும் தேசிய அமைப்பு. முதுகலைப் பட்டம், மேற்பார்வையில் பொதுவாக 2,000 மணி நேரக் களப்பணி, பிறகு தேர்வு.

ஆனால் தனியார் சான்று இல்லாதவரைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. தப்புச் செய்தவரின் சான்றை அந்த அமைப்பு ரத்து செய்யலாம். அவர் மறுநாளே வேறு பலகை மாட்டுவதை அதனால் நிறுத்த முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும். ஆட்டிசம் சிகிச்சைக்குக் காப்பீடு பணம் தர வேண்டும் என்று மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டதும், யாருக்குப் பணம் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. உரிமச் சட்டங்களும் பெருகின. நெவாடாவும் ஓக்லஹோமாவும் 2009இல் இயற்றின. டெக்சஸ் 2017இல் இயற்றி, பொறுப்பை முடிதிருத்துவோருக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் உரிமம் தரும் அதே துறையிடம் கொடுத்தது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் பெற்றோருக்கு வசதிதான்: அத்துறையின் தளத்தில் பெயரைத் தட்டினால் உரிமம் நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் உரிமம் வாங்குவதற்கே பிசிபிஏ சான்றுதான் முதல் படி. குழப்பத்துக்கு இது பாதிக் காரணம். மீதிப் பாதி ‘போர்டு’ என்ற சொல். சான்று தரும் தனியார் அமைப்பின் பெயரிலும் போர்டு உண்டு, மாநிலத்திலும் போர்டு உண்டு. போர்டுக்குத் தமிழில் வாரியம் என்கிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ச்சபையின் குழுக்களைத்தான் சொன்னார்கள். எனவே வாரியத்தை அரசுக்கே விட்டுவைக்கலாம்: மாநிலத்தினுடையது உரிம வாரியம், தனியாருடையது சான்றளிப்பு அமைப்பு. ‘ரெகுலேஷன்’ என்பதற்கு ஒழுங்குமுறை போதும். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தால் பழகிய சொல்தான்.

மூன்றாவதாகப் ‘பதிவு’. நெவாடாவில் பகுப்பாய்வாளருக்கு உரிமம். அவருக்குக் கீழே குழந்தையோடு நேரடியாக உட்காரும் டெக்னீஷியனுக்குப் பதிவு. அங்கே பதிவு ஒரு படி கீழே. கனடாவின் ஒன்டாரியோவில் கதையே வேறு. டொரண்டோ, ஸ்கார்பரோ தமிழ்ப் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. 2024 ஜூலை 1 முதல் அங்கே உளவியலாளர்களுக்கும் நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குமான கல்லூரியில் பதிவு பெற்றவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ‘கல்லூரி’ என்றாலும் பாடம் நடத்தும் இடமல்ல, சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை அமைப்பு. அது தரும் தாளின் பெயர் ‘பதிவுச் சான்றிதழ்’. பெயரில் பதிவும் சான்றும் இருந்தாலும், அந்தத் தொழிற்பெயரைப் பொறுத்தவரை அது செய்வது உரிமத்தின் வேலை. மொழிபெயர்ப்பவர் ‘பதிவுச் சான்றிதழ்’ என்றே எழுதிவிட்டு, அது அரசுச் சட்டத்தின்படி வந்தது என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது.

இந்தியாவிலிருந்து பிசிபிஏ எழுத நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2023 தொடக்கத்திலிருந்து அந்த அமைப்பு இந்தியாவில் வசிப்போரிடம் புதிய விண்ணப்பம் வாங்குவதில்லை. இங்கே 2021இல் வந்த துணைமருத்துவ, சுகாதாரத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் நடத்தைப் பகுப்பாய்வாளரும் இருக்கிறார்.