லேசர் பாயிண்டரின் பச்சைப் புள்ளி மங்கலாகத் தெரிந்தால், பேட்டரியை மாற்றுமுன்...

மே 16 சர்வதேச ஒளி தினம். 1960-இல் அதே நாளில்தான் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்தார். ஆப்டிகா, எஸ்.பி.ஐ.இ. போன்ற ஒளியியல் சங்கங்களின் மாணவர் கிளைகள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்த் தாரைக்குள் லேசர் வளைவதையும், தலைமுடி உண்டாக்கும் விளிம்பு விளைவையும் (ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவுவதை) செய்து காட்டுகின்றன. மிக நல்ல வேலை. ஆனால் பளிச்சென்று தெரிகிறது என்பதற்காக மலிவான பச்சை லேசர் பாயிண்டரை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

அந்தப் பாயிண்டர்கள் பலவற்றில் உள்ள டையோடு (ஒளி உமிழும் சிறு பாகம்) பச்சை ஒளியைத் தருவதே இல்லை. அது உமிழ்வது 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நியோடிமியம் கலந்த படிகம் அதை உறிஞ்சி 1064 நானோமீட்டரில் லேசராகிறது, அடுத்துள்ள கே.டி.பி. படிகம் அதன் அதிர்வெண்ணை இரட்டித்து, அதாவது அலைநீளத்தைப் பாதியாக்கி, 532 நானோமீட்டர் பச்சையைத் தருகிறது. மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க முகப்பில் ஒரு வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். மலிவுப் பொருளில் அது இல்லாமல் போவதுண்டு. (520 நானோமீட்டர் என்று குறித்தவை நேரடிப் பச்சை டையோடுகள், இந்தக் கசிவு அவற்றில் கிடையாது.)

அமெரிக்காவின் தேசியத் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட், 2010-இல் 10 மில்லிவாட் என விற்கப்பட்ட பாயிண்டர்களைச் சோதித்தது. அவற்றில் ஒன்றில் பச்சை மங்கலாக இருந்தது. அகச்சிவப்போ ஏறத்தாழ 20 மில்லிவாட். படிகங்கள் சரியாகப் பொருந்தாவிட்டால் 1064 பச்சையாக மாறாமல் நிற்கும். குளிரில் டையோடின் அலைநீளம் நகர்ந்தால் 808 உறிஞ்சப்படாமல் வெளியேறும். ஆகவே மங்கல் என்றால் பேட்டரி தீர்ந்தது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

பாதுகாப்பு வகைப்பாட்டில் வகுப்பு 2 எனப்படும் லேசருக்கு 1 மில்லிவாட் என்ற வரம்பு, கூசியதும் கண் கால் விநாடிக்குள் மூடிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்டது. அகச்சிவப்புக்குக் கண் கூசாது. ஆனாலும் 400 முதல் 1400 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை விழிலென்ஸ் விழித்திரையில் குவித்துவிடும். வலியும் தெரியாது.

கசிவைப் பார்க்க ஒரு பழைய சி.டி. போதும். பாயிண்டரைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் இறுக்குங்கள். நடுவில் துளையிட்ட வெள்ளை அட்டை வழியாகக் கதிர் சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் செங்குத்தாக விழட்டும். திரும்பிவரும் புள்ளிகள் அட்டையில் விழும். சி.டி.யை நேராகப் பார்க்கக் கூடாது. அகச்சிவப்பு வடிகட்டியைக் கழற்றிய வெப்கேமராவால் அட்டையைப் படமெடுங்கள். சாதாரண போன் கேமராவில் அந்த வடிகட்டி இருக்கும் என்பதால் "ஒன்றுமே தெரியவில்லை" என்ற முடிவை நம்ப முடியாது.

சி.டி. தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர்; அவை ஒளியை அலைநீளத்துக்கேற்ற கோணங்களில் பிரிக்கும். பச்சையின் முதல் புள்ளி சுமார் 19 பாகையில், இரண்டாவது சுமார் 42 பாகையில் விழும். நடுவே 30 பாகையில் கண்ணுக்குத் தெரியாத புள்ளி படத்தில் இருந்தால் அது 808. 1064-இல்தான் பலர் ஏமாறுகிறார்கள்: அது 532-இன் சரியான இரு மடங்கு, அதனால் பச்சையின் இரண்டாம் புள்ளி மேலேயே வந்து உட்காரும். பச்சையைத் தடுத்து அகச்சிவப்பை விடும் வடிகட்டியைக் கேமரா முன் வைத்தால்தான் பிரித்தறியலாம். 1064-க்கு சிலிக்கான் கேமராவின் உணர்திறனும் குறைவு. மங்கலான புள்ளியையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

பாதுகாப்புக் கண்ணாடியிலும் இதே தவறு நடக்கிறது. பச்சையைத் தடுக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி அகச்சிவப்பை அப்படியே விடலாம். கண்ணாடியின் பிரேமில் அச்சிட்டிருக்கும் ஓ.டி. எண்ணை (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டுவது) மூன்று அலைநீளங்களுக்கும் தனித்தனியே பாருங்கள். ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும்.

ஒட்டியிருக்கும் லேபிளையும் நம்பிவிடாதீர்கள். நிஸ்ட் 2013-இல் அறிவித்த சோதனையில், 122 பாயிண்டர்களில் பச்சையில் ஏறத்தாழ 90 சதவீதம், சிவப்பில் சுமார் 44 சதவீதம் அமெரிக்க விதிகளுக்கு உட்படவில்லை. பள்ளிக்கு 635 அல்லது 650 நானோமீட்டர் சிவப்பு, 1 மில்லிவாட்டுக்குள் போதும். அதையும் பவர் மீட்டரில் அளந்த பிறகே எடுத்துப் போங்கள்.