நாற்றம் வந்ததும் தீப்பெட்டியைத் தேடாதீர்கள்

மத்தி வறுத்த அன்றைக்கு ஒரு மெழுகுவர்த்தி, பாத்ரூமில் வாடை வந்தால் ஒரு தீக்குச்சி, இடவப்பாதி மழையில் துணி காயாமல் வீடே ஈரவாடை அடித்தால் ஒரு சூடம். கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கேஸ் அடுப்பு சர்வீசுக்குப் போகிற இடமெல்லாம் இதைப் பார்க்கிறேன். நெருப்புக் காட்டினால் நாற்றம் எரிந்து போய்விடும் என்று நன்றாகப் படித்தவர்களே நம்புகிறார்கள். போகாது.

சுடர் கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதற்குள் நுழைகிற கொஞ்சக் காற்றில் இருக்கிற வாடை மட்டும்தான் எரியும், மீதியெல்லாம் அறைக் காற்றில், திரைத்துணியில், சுவரில் படிந்த எண்ணெயில் அப்படியே இருக்கும். வாசனை மெழுகுவர்த்தி அதன் மேல் இன்னொரு வாசனையைப் போர்த்துகிறது. தீக்குச்சியில் இருக்கிற கந்தகம் எரிந்து காரமாக மூக்கில் ஏறுவதால் மற்ற வாடை தெரிவதில்லை, அவ்வளவுதான். பர்னர் மஞ்சளாக எரிகிறது, பாத்திரம் கரி பிடிக்கிறது என்று என்னைக் கூப்பிடுகிறீர்கள் இல்லையா, மெழுகுவர்த்திச் சுடர் மஞ்சளாக இருப்பதற்கும் அதே கரித்தூள்தான் காரணம். மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு நாலு மெழுகுவர்த்தி ஏற்றினால், வீசிங் இருக்கிற குழந்தையும் அந்தப் புகையைத்தான் இழுக்கும்.

ஆனால் எனக்குப் பெரிய பயம் புகை இல்லை. அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே தீ வைக்கிறார்களே, அதுதான்.

போன மழைக்காலத்தில் எல்லையோரம் ஒரு ஓட்டு வீட்டுக்கு பர்னர் சுத்தம் செய்யப் போனேன். அடுக்களைக்குள் கால் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அக்கா சாதாரணமாகச் சொன்னார்: “சிங்க்குல இருந்து ரெண்டு நாளா நாத்தமுங்ண்ணா. ராத்திரி மெழுகுவத்தி பத்த வெச்சா கொஞ்சம் தேவலைங்க.” மேடையில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி, நேர் கீழே சிலிண்டர். முதலில் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் மூடியை மாட்டி, கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டேன். நன்றாகக் காற்றாடிய பிறகு மறுபடி மாட்டி, சோப்புத் தண்ணீரை ட்யூப் நெடுகத் தடவினேன். முன்பக்கம் ஒன்றுமில்லை. சுவரை ஒட்டிய பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எலி கடித்த பல்தடம். அதில் ஒரு குமிழ் கிளம்பி, உப்பி, உடைந்து, மறுபடி கிளம்பியது. அவ்வளவு சின்ன ஓட்டை.

சமையல் கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அது அழுகின முட்டைக்கோஸ் மாதிரி நாறும், அதனால் சாக்கடை என்றோ செத்த எலி என்றோ நினைத்துவிடுகிறோம். காற்றில் கேஸ் சுமார் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனம் என்பதால் மேலே போகாது, தரையோடு பரவி மேடைக்கு அடியிலும் மூலையிலும் தேங்கும். இதில் மூக்கும் நம்மைக் கைவிடும், அதே அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் வாடை பழகிப்போகும். அதனால் வெளியிலிருந்து வருகிறவர் “என்ன நாத்தம்?” என்று கேட்டால் அவரை நம்புங்கள்.

கேஸ் வாடை என்று சந்தேகம் வந்தால் தீப்பெட்டி, லைட்டர் தொடக்கூடாது. ஸ்விட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேனும் இதில் சேர்த்திதான், ஸ்விட்சில் வருகிற சின்னப் பொறியே போதும். ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906க்கு போன் செய்யுங்கள். கசிவுப் புகாருக்கென்றே இருக்கிற நம்பர் அது. எங்கே கசிகிறது என்று தீக்குச்சி உரசிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், தயவு செய்து வேண்டாம்.

சரி, மற்ற நாற்றங்களுக்கு என்ன செய்வது? ஓணம் லீவுக்கு வீட்டைப் பூட்டிப் போய் வந்ததும் பாத்ரூம் நாறினால், பெரும்பாலும் தரையில் தண்ணீர் இறங்குகிற ட்ராப் காய்ந்திருக்கும். அதில் நிற்கிற தண்ணீர்தான் செப்டிக் டேங்க் காற்றை மேலே வராமல் தடுக்கிறது, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள், போதும். செப்டிக் டேங்க் மூடி திறந்திருக்கும்போது பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது, உள்ளே மீத்தேன் இருக்கும். மீன் வாடைக்கு எலுமிச்சையோ வினிகரோ கலந்த தண்ணீரில் மேடையைத் துடைத்தாலே பாதி போய்விடும், வறுக்கும்போதே ஜன்னலைத் திறந்து வைத்தால் இன்னும் நல்லது.

சாமிக்குச் சூடம் காட்டுவதையோ வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதையோ நிறுத்தச் சொல்லவில்லை. ஏற்றுவதற்கு முன் அடுக்களைப் பக்கம் ஒருமுறை போய், கொஞ்சம் குனிந்து மோந்து பாருங்கள். அப்புறம் ட்யூபின் மேல் அச்சடித்திருக்கிற வருடத்தையும் பாருங்கள், 5 வருடம் தாண்டியிருந்தால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே கம்பி பின்னிய ஆரஞ்சு ட்யூபாகவே கேட்டு வாங்குங்கள், அதைச் சுவரோடு ஒட்டாமல் கண்ணில் படுகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள்.