லேமினேட்டட் ஸ்டாக்: தமிழில் என்ன சொல்லலாம்?

லேமினேட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அடையாள அட்டைக்குப் போடும் பிளாஸ்டிக் உறை, அல்லது சமையலறை அலமாரியில் ஒட்டும் சன்மைக்கா. இரண்டுமே ஒரு பொருளின் மேல் ஒட்டுபவை. ஸ்டாக் என்பது ரைபிளின் குழலைத் தாங்கி, தோளில் ஊன்றிப் பிடிக்க உதவும் கட்டை. அதனால் ரைபிள் விவரக்குறிப்பில் 'லேமினேட்டட் ஸ்டாக்' என்று பார்க்கிறவர்கள், சாதாரண மரத்துக்கு மேலே அழகுக்காக ஏதோ தாள் ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தக் கட்டையை எந்த இடத்தில் அறுத்துப் பார்த்தாலும் அடுக்குகள்தான் இருக்கும்.

லாமினா என்ற லத்தீன் சொல்லுக்கு மெல்லிய தகடு, ஏடு என்று பொருள். தாவரவியலில் இலைத்தாளையும் லாமினா என்றுதான் சொல்கிறார்கள். துப்பாக்கிக் கட்டைக்கு வரும்போது அந்த ஏடு, சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மரச் சீவல். பெரும்பாலும் பிர்ச் மரம். சீவல்களுக்குச் சாயம் ஏற்றி, பிசின் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒரே பாளமாக்குகிறார்கள். அந்தப் பாளத்தைக் கடைந்தால் வளைவுகளில் அடுக்குகள் வெட்டுப்பட்டு, வரைபடத்தில் மலைக்குப் போடும் உயரக்கோடுகளைப் போல வரிவரியாகத் தெரியும்.

ஸ்டாக் என்பதன் வேர் பழைய ஆங்கிலத்தில் அடிமரத்தைக் குறித்த சொல். நம் பேச்சிலும் அது கட்டைதான். 'துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள்' என்று செய்திகளில் படிக்கிறோம். ஈழத் தமிழில் 'துவக்குச் சோங்கு' என்பார்கள். ஆனால் சோங்கு தோளில் முட்டும் பின்பகுதியைத்தான் குறிக்கிறது. குழலைத் தாங்கும் முன்பகுதியும் சேர்ந்த முழு உறுப்புக்குக் கட்டையே பொருந்தும்.

லேமினேட்டட் என்பதற்கு 'ஒட்டுப்பலகை' போதாது, அது பிளைவுட். பிளைவுட்டில் ஒரு அடுக்கின் நார் நீளவாக்கில் ஓடினால் அடுத்தது குறுக்காக ஓடும். இன்றைய ரைபிள் கட்டைகளிலோ பெரும்பாலும் எல்லா அடுக்கும் நீளவாக்கில்தான். 'மென்தகட்டு மரம்' என்றால் உலோகத் தகடு நினைவுக்கு வந்துவிடுகிறது. அடுக்கியதும் ஒட்டியதும் இரண்டும் தெரிகிற மாதிரி 'அடுக்கொட்டுக் கட்டை' என்று சொல்வதே சரி என்பது என் கருத்து.

இப்படி ஒட்டுவதற்குக் காரணம் ஈரம். மரம் ஈரத்தை இழுத்தால் நாருக்குக் குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரே துண்டு வால்நட் கட்டையின் முன்பகுதி மழைக்காலத்தில் கொஞ்சம் கோணினால்கூடப் போதும், அது குழலைப் பக்கவாட்டில் நெருக்கும், குறி இடம் மாறும். அடுக்குகளில் ஒவ்வொரு சீவலும் தன் போக்கில் இழுக்க முயல, பக்கத்துச் சீவல் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிசின் ஈரத்தையும் மெதுவாகத்தான் உள்ளே விடும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது ஜெர்மனி. 1930களில் நடத்திய சோதனைகளுக்குப் பிறகு, 1937 முதல் தன் ராணுவத்தின் கார்98கே ரைபிளுக்கு அடுக்கொட்டுக் கட்டைகள் வந்தன. நல்ல வால்நட்டை ஆண்டுக்கணக்கில் காயவைக்க வேண்டிய வேலை இதில் இல்லை, மரமும் குறைவாக வீணாகும். பிறகு சோவியத் யூனியனும் ஏகே-47இன் மேம்பட்ட வடிவமான ஏகேஎம் துப்பாக்கிக்கு இதே வழியைப் பிடித்தது.

சரி, குறை? முதலில் எடை. அதே அளவு வால்நட் கட்டையைவிடப் பொதுவாகக் கனமாக இருக்கும். மேடையில் வைத்துச் சுடுபவருக்கு அது நல்லதுதான், பின்னுதைப்பு குறையும். நாள் முழுக்க மலையேறும் வேட்டைக்காரருக்குத் தோள் வலி. அப்புறம் செதுக்குவது. கெட்டியான பிசின் உளியின் கூர்மையைச் சீக்கிரம் மழுக்கும். பிடிமானத்துக்காகக் கட்டம் கட்டமாகக் கீறினால் அடுக்கு விளிம்புகள் பொரிந்துபோகும். விலை குறைந்த பிளாஸ்டிக் கட்டையின் முன்பகுதி அழுத்தினால் வளைவதைப் போல இது வளையாது என்பது பெரிய அனுகூலம். ஆனால் பிளாஸ்டிக்கைப் போல மழையைக் கண்டுகொள்ளாமல் இருக்கவும் இதற்கு முடியாது.

கனடாவின் வடபகுதியில் ரோந்து போகும் கனேடியன் ரேஞ்சர்களுக்கு, பழைய லீ என்ஃபீல்டுக்குப் பதிலாக 2018 முதல் சி19 ரைபிள் வழங்கப்பட்டது. அதன் சிவப்புக் கட்டையும் அடுக்கொட்டுதான். மழையில் சாயம் கரைந்து கையில் ஒட்டியது, சில கட்டைகளில் வெடிப்பும் விட்டது. அடுக்கினாலும் அது மரம்தான். வாங்குகிறவர்கள் வெளிப் பளபளப்பை மட்டும் பார்க்காமல், குழல் உட்காரும் பள்ளமும் திருகுத் துளைகளும் மெழுகோ வார்னிஷோ பூசி அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். பூசாமல் விட்ட அந்த இடங்கள் வழியாகத்தான் ஈரம் முதலில் உள்ளே போகும்.