சதுர எல்.இ.டி. திரை: நாலு பக்கமும் சமமாக இருந்தால் போதாது

"திரையில் ஆட்களெல்லாம் ஒல்லியாகத் தெரிகிறார்கள், பேனல் போய்விட்டதா?" இப்படிக் கேட்டு வரும் அழைப்புகளில் பெரும்பாலும் பேனல் நன்றாகத்தான் இருக்கும். 16:9 அளவில் எடுத்த வீடியோவைச் சதுரத்துக்குள் அமுக்கியிருப்பார்கள். சதுரம்தானே, என்ன பெரிய வேலை என்று செவ்வகத் திரைக்குச் செய்யும் சோதனைகளைக்கூட இதற்குச் செய்வதில்லை. உண்மையில் சதுரத்தில்தான் தப்பு வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

முதலில் சட்டம். 500 மி.மீ. கேபினட்டை, அதாவது எல்.இ.டி. பொருத்திய சதுரப் பெட்டியை, ஆறுக்கு ஆறாக அடுக்கினால் 3 மீட்டர் சதுரம். நாலு பக்கமும் அளந்து, சரியாக இருக்கிறது என்று போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். ஆனால் நாலு பக்கமும் சமமாக இருந்தும் அது சாய்சதுரமாக நிற்கலாம். மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள். கணக்குப்படி 4,243 மி.மீ. வர வேண்டும். அதில் ஒன்றிரண்டு மி.மீ. கூடக் குறைய இருந்தாலும், இரண்டு மூலைவிட்டமும் ஒன்றுக்கொன்று சமமாக வந்தாக வேண்டும். அடி வரிசையை ரசமட்டம் வைத்தே உட்கார வையுங்கள். அங்கே ஒரு கேபினட் அகலத்துக்கு 1 மி.மீ. சாய்ந்தால், உச்சியில் 6 மி.மீ. நகர்ந்திருக்கும். கேபினட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் கறுப்புக் கோடு, நெருங்கிவிட்டால் பளிச்சென்று வெள்ளைக் கோடு. சாஃப்ட்வேரில் சரிசெய்து கொள்ளலாம் என்பவர்களிடம் நான் சொல்வது: முதலில் ஸ்பேனரை எடுங்கள்.

அடுத்தது பிக்சல் கணக்கு. பி3.91 என்றால் ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் 3.91 மி.மீ. இடைவெளி. ஒரு கேபினட்டின் ஒரு பக்கத்துக்கு 128 பிக்சல், ஆறுக்கு 768. மொத்தம் 5,89,824. திரைக்குப் படத்தை அனுப்பும் கன்ட்ரோலரில் கேபிள் செருகும் ஒரு கிகாபிட் போர்ட், 8 பிட் நிறத்தில், நொடிக்கு 60 படத்தில் (60 ஹெர்ட்ஸ்) சுமார் ஆறரை லட்சம் பிக்சல் தாங்கும் என்பதால் ஒரே போர்ட்டில் முடிந்துவிடும். அதே அளவுத் திரையை பி2.6-இல் போட்டால் 1152-க்கு 1152, அதாவது 13,27,104. இரண்டு போர்ட்டுக்குச் சேர்த்து சுமார் 13 லட்சம்தான். மயிரிழையில் போதாமல் போகும். கடைசியில் ஏதாவது கேபினட் இருட்டாக நிற்கும்போதுதான் கணக்கு ஞாபகம் வரும். மூன்று போர்ட் எடுத்து, போர்ட்டுக்கு இரண்டு நெடுவரிசை கொடுத்துவிடுங்கள். பல கன்ட்ரோலர்கள் ஒரு போர்ட்டின் பரப்பைச் செவ்வகமாகவே கணக்கிடும். அதனால் கேபிளை வளைத்து வளைத்து எல் வடிவத்தில் கொண்டுபோனால், இல்லாத கேபினட்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டிவரும்.

மேப்பிங்கில்தான், அதாவது எந்த கேபினட்டில் படத்தின் எந்தத் துண்டு என்று சாஃப்ட்வேரில் சொல்லிவைப்பதில்தான், சதுரத்தின் குறும்பு. கேபிள் போடுகிறவர் திரைக்குப் பின்னால் நிற்கிறார். சாஃப்ட்வேரில் பெரும்பாலும் முன்பக்கத்துப் படம். அவருடைய இடது இங்கே வலது. அப்புறம், கேபினட்டும் சதுரம் என்பதால் பக்கவாட்டில் திருப்பி மாட்டினாலும் சில வகைகள் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். செவ்வக கேபினட் என்றால் இடமே கொள்ளாது, உடனே தெரிந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று நிறங்களை மட்டும் ஓட்டிப் பார்த்து ஓகே சொல்வதில் அர்த்தமில்லை. செத்த பிக்சல் தெரியும், திரும்பிய கேபினட் தெரியாது. ஒவ்வொரு கேபினட்டிலும் ஓர் எண், நடுவில் பெரிய வட்டம், மூலைக்கு மூலை கோடு என்று ஒரு படம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எண் இடம் மாறியிருந்தால் மேப்பிங், சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் கேபினட் திரும்பியிருக்கிறது, வட்டம் முட்டையானால் சிக்னல், கோடு கேபினட் ஓரத்தில் உடைந்தால் சட்டம்.

வீடியோ செய்கிறவரிடம் "3 மீட்டர் சதுரம்" என்று சொல்லாதீர்கள். 768-க்கு 768 என்று பிக்சலில் சொல்லுங்கள். லேப்டாப்பிலிருந்து 1920-க்கு 1080 தான் வருகிறது என்றால், ப்ராசசரில் (படத்தை வெட்டிச் சுருக்கித் தரும் கருவி) நடுவிலுள்ள 1080 சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்து 768-க்குச் சுருக்கலாம். ஓரத்தில் இருப்பவர் காணாமல் போவார், ஆனால் யாரும் ஒல்லியாக மாட்டார்கள். ப்ராசசர் இல்லாமல், படத்தை அப்படியே திரைக்கு அனுப்பும் சென்டிங் கார்டு மட்டும் இருந்தால், வழக்கமாக இடது மேல் மூலைத் துண்டுதான் திரைக்கு வரும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: கேபினட்டின் அதிகபட்ச வாட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள், சராசரியை வைத்து அல்ல. எர்த் இல்லாமல் ஸ்விட்ச் போடவே கூடாது. நாள்கணக்கில் குடோனில் கிடந்த பேனல் ஈரம் உறிஞ்சியிருக்கும். அதை எடுத்தவுடன் முழு வெள்ளையில் எரியவிடாமல், குறைந்த வெளிச்சத்தில் சில மணி நேரம் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.